"பொட்டி நின்னுபூட்சு": நெட்வொர்க் டிரைவர் காத்துக்கிடந்து லினக்ஸ் உறையும்போது எங்கே கைவைப்பது

மே மாதம், மதியம் இரண்டு மணி. ராணிப்பேட்டை நம்பர் திரையில் தெரிந்தாலே போனை எடுக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

"ணா, பொட்டி மறுபடியும் நின்னுபூட்சு. கர்சர் கூட நவுரல."

"ஆஃப் பண்ணிட்டியா தம்பி?"

"பண்ணி ஆன் பண்ணிட்டேண்ணா. இப்ப நல்லா ஓடுது."

அதாவது சாட்சியைக் கொன்றுவிட்டுத்தான் புகார் கொடுக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் எடைமேடைக்குப் பக்கத்தில் விசிறி இல்லாத சின்ன லினக்ஸ் பெட்டி. எடையை வாங்கி ரசீது அடிக்கும், விவரத்தை அலுவலகக் கணினிக்கு அனுப்பும். உள்ளே பிசிஐ எக்ஸ்பிரஸ் நெட்வொர்க் அட்டை ஒன்று. அதை இயக்கும் நிரல், விற்றவர் சிடியில் கொடுத்த டிரைவர். நான்கு மாதம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியதில் கற்றதை, அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளையும் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நெட்வொர்க் சிப்புக்குப் பக்கத்தில், கேபிள் சிக்னலைக் கையாளும் ஃபை என்ற பாகத்தோடு எம்டிஐஓ என்ற இரண்டு கம்பி வழியாகத்தான் பேச வேண்டும். தரநிலைப்படி அதன் அதிகபட்ச வேகம் 2.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு முறை ஒரு ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடத்தை, படிக்க 64 பிட், ஆக 25.6 மைக்ரோ நொடி. 2 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு அது ஐம்பதாயிரம் துடிப்புக்கு மேல். அதே ஃபையை ரீசெட் செய்தால் அரை நொடி வரை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. அதற்குள் நம் சிபியு 100 கோடி முறை துடித்திருக்கும். வன்பொருள் மெதுவாகத்தான் இருக்கும், அதைத் திட்டிப் பயனில்லை. டிரைவர் எப்படிக் காத்திருக்கிறது என்பதில்தான் வினை: கெடு வைத்திருக்கிறதா, சிபியுவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறதா, நிற்கும்போது கையில் யாருக்கும் தராத பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழைய விடும் ஏற்பாடு) ஏதும் இருக்கிறதா. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் முட்டும்.

பவர் பட்டனைத் தொடும் முன்

உறைந்த பெட்டிக்கு இன்னொரு கணினியிலிருந்து பிங் அடியுங்கள். பதில் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, குறுக்கீடுகள் (வன்பொருள் சிபியுவைக் கூப்பிடும் அழைப்புகள்) ஓடுகின்றன, மேலே இருக்கும் நிரல்கள்தான் எதிலோ மாட்டியிருக்கின்றன. பிங்குக்குக் கெர்னலே பதில் சொல்லிவிடும் என்பதால், "பிங் வருது, ஆனா உள்ள போக முடியல" என்பது முரண் இல்லை, நல்ல துப்பு.

பிறகு சிஸ்ஆர்க்யூ, அதாவது கெர்னலிடம் நேரடியாகப் பேசும் விசைக்கூட்டு. ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி டபிள்யூ அழுத்தினால், நகராமல் காத்திருக்கும் செயல்களின் அடுக்கு (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே நிற்கிறது என்ற பட்டியல்) பதிவில் கொட்டும். எல் அழுத்தினால் ஒவ்வொரு சிபியுவும் இந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்பது வரும். ஆனால் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். உபுண்டுவில் கெர்னல் டாட் சிஸ்ஆர்க்யூ மதிப்பு இயல்பாக 176. அதில் மறுதொடக்கத்துக்கு அனுமதி உண்டு, அடுக்கைக் கொட்ட அனுமதி இல்லை. சோதிக்கும் நாட்களில் 1 என்று வைத்துவிடுங்கள். ஜர்னல் பதிவு டிஸ்கில் தங்கும்படி அமைத்திருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் மறுபடி ஆன் செய்யும்போது எல்லாம் துடைத்துப்போகும்.

நெட்கன்சோல் போடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாகவே அடுத்த கணினிக்கு அனுப்பும் வசதி அது. நெட்வொர்க் டிரைவரே குற்றவாளியாக இருக்கும்போது அவன் கையிலேயே புகார் மனுவைக் கொடுத்து அனுப்புவது போலாகும். சீரியல் கேபிள் போட்டேன். அதிலும் ஒரு பொறி உண்டு: 115200 வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும். டிரைவர் பிழைச் செய்தியை மழையாகக் கொட்டினால், அதை அந்தக் கேபிளில் தள்ளித் தீர்ப்பதற்குள் சிபியு மாட்டிக்கொண்டு, புதிதாக ஓர் உறைவு கிளம்பும். டிரைவரில் பிழைச் செய்தியை ரேட்லிமிட் வகையிலேயே (அளவுக்கு மேல் வந்தால் அடக்கிவிடும் வகை) அச்சிடுங்கள்.

"எல்லாமே நின்னுபோச்சு, கர்சர் கூட நகரல"

பதிவில் "வாட்ச்டாக்: பக்: சாஃப்ட் லாக்கப், சிபியு 2 ஸ்டக் ஃபார் 22 செகண்ட்ஸ்" என்பது போல ஒரு வரி இருக்கும். கெர்னலின் காவல் அளவு இயல்பாக 10 நொடி. அதைப்போல் இரு மடங்கு, அதாவது 20 நொடி, ஒரு சிபியு வேறு எவருக்கும் இடம் கொடுக்காமல் ஓடினால் இந்தக் கூச்சல் வரும். குறுக்கீடுகளையும் அணைத்துவிட்டு ஓடினால் 10 நொடியிலேயே ஹார்டு லாக்கப். ஒரு சிபியுதானே மாட்டியது, மற்ற மூன்றும் என்ன ஆயின என்று கேட்கலாம். அவை சிறிது நேரம் ஓடும். பிறகு ஒவ்வொன்றாக, மாட்டிக்கொண்ட சிபியுவிடமிருந்து ஏதோ ஒரு பதிலுக்கோ பூட்டுக்கோ வந்து வரிசையில் நின்றுவிடும்.

அந்த வரிக்குக் கீழே வரும் கால் டிரேஸில் (அதே அடுக்குதான்) உங்கள் டிரைவரின் பெயர் இருந்தால், அந்தச் செயற்கூற்றைத் திறந்து பாருங்கள். என் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு வொயில் சுழற்சி: "நிலை ரெஜிஸ்டரில் பிஸி பிட் 1 ஆக இருக்கும்வரை திரும்பத் திரும்பப் படி." அவ்வளவுதான். கெடு கிடையாது. பாலாற்றில் தண்ணீர் வந்தபிறகுதான் குளிப்பேன் என்று கரையில் துண்டோடு நிற்பவன் கதை. 2021 நவம்பரில் வந்தது போல ஒரு நாள் வரும்தான். அதுவரை கடையைச் சாத்த முடியுமா?

அட்டை நலமாக இருக்கும்வரை அந்த பிட் சில மைக்ரோ நொடியில் இறங்கிவிடும், யாருக்கும் குறை தெரியாது. கோடையில் என்ன ஆனது? அட்டை சூட்டில் பஸ்ஸை (அட்டையைக் கணினியோடு இணைக்கும் தடத்தை) விட்டே காணாமல் போனது. பிசிஐயில் இல்லாத சாதனத்தைப் படித்தால் பிழை வராது. எல்லா பிட்டும் 1 ஆக ஒரு மதிப்பு வரும். எல்லாம் 1 என்றால் பிஸி பிட்டும் 1. ஆக, செத்துப்போன அட்டை "வேலையாக இருக்கிறேன், இருங்கள்" என்று காலாகாலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது, டிரைவரும் நம்பிக்கொண்டு நிற்கிறது. இந்த இடத்தைக் கண்டுபிடித்த இரவு எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திருத்தும்போது பலரும் செய்வது: சுழற்சியை ஆயிரம் முறையோடு நிறுத்துவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒரு முறைக்கு 10 மைக்ரோ நொடி, ஆயிரம் முறை என்றால் 10 மில்லி நொடி என்று மனக்கணக்கு. ஆனால் முறை வேறு, நேரம் வேறு. அட்டை பதில் சொல்லாமல் தொங்கினால் ஒவ்வொரு படிப்பும் பிசிஐ எக்ஸ்பிரஸின் காலாவதி வரை நிற்கும். தரநிலையில் அதன் இயல்பு எல்லை 50 மைக்ரோ நொடி முதல் 50 மில்லி நொடி வரை. மேல் எல்லையில் ஆயிரம் படிப்பு என்றால் 50 நொடி. பத்து மில்லி நொடி என்று நினைத்த இடத்தில் மறுபடியும் சாஃப்ட் லாக்கப்.

கடிகாரத்தைப் பார்த்துத்தான் கெடு வைக்க வேண்டும். கெர்னலில் ஐஓபோல் என்ற தலைப்புக் கோப்பில் ரீட்-போல்-டைம்அவுட் இருக்கிறது. எதைப் படிக்க, எந்த நிபந்தனை வரை, நடுவில் எவ்வளவு தூங்க (சிபியுவை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருப்பதுதான் தூக்கம்), மொத்தம் எவ்வளவு பொறுக்க என்று கொடுத்தால் போதும். கெடு தாண்டினால் டைம்அவுட் பிழையைத் திருப்பும். தூங்கக் கூடாத இடத்துக்கு அதன் அட்டாமிக் வடிவம் உண்டு. நாமே எழுதுவதைவிட இது மேல் என்பதற்கு ஒரு நுணுக்கமான காரணம்: கெடு முடிந்ததும் இது கடைசியாக இன்னொரு முறை ரெஜிஸ்டரைப் படித்துப் பார்க்கும். ஏன்? நாம் தூங்கி எழுவதற்குள் வேறு வேலை சிபியுவைப் பிடித்துக்கொண்டு, எழும்போதே கெடு தாண்டியிருக்கலாம்; வன்பொருளோ எப்போதோ வேலையை முடித்திருக்கும். கடைசிப் பார்வை இல்லாவிட்டால் நல்ல அட்டைக்குச் செத்த அட்டை என்று சான்றிதழ் கொடுத்துவிடுவோம். பளு ஏறும்போது மட்டும் வரும் மர்மமான டைம்அவுட்டுகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

எல்லா பிட்டும் 1 என்ற மதிப்பை நிபந்தனைக்குள்ளேயே தனியாகப் பிடியுங்கள். வந்தால் காத்திருக்கவே வேண்டாம், சாதனம் இல்லை என்ற பிழையோடு உடனே வெளியேறுங்கள். திருப்பிய பிழையை மேலே அழைத்தவர் மதிக்கிறாரா என்றும் பாருங்கள். விற்றவரின் டிரைவரில் எம்டிஐஓ படிக்கும் செயற்கூறு கெடு தாண்டினாலும் ஏதோ ஒரு மதிப்பைத் திருப்பிவிடும். எம்டிஐஓ பஸ்ஸில் ஃபையைத் தேட 32 முகவரிகள். முகவரிக்கு ஒரு நொடி என்று தாராளமாகக் கெடு வைத்தால், ஃபையே இல்லாத நாளில் அரை நிமிடம் போய்விடும்.

"நிக்கல, ஆனா திக்குது"

பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், சுட்டி துள்ளும், எடைக்கருவியின் எண் ஒரு கணம் தங்கி நகரும். நொடிக்கு ஒரு முறை ஒழுங்காகத் திக்கினால் ஃபை கண்காணிப்பைச் சந்தேகியுங்கள். கெர்னல் ஃபையின் நிலையைக் கேட்டுப் பார்க்கும் இடைவெளி ஒரு நொடிதான். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஓடும்போது மட்டும் திக்கினால் புள்ளிவிவரம் எடுக்கும் பகுதி.

காரணம் பெரும்பாலும் எம்டிலே என்ற காத்திருப்புச் செயற்கூறு. அதுவும் யுடிலேயும் தூங்காது. ரயில்வே கேட்டில் நின்றபடி ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருக்கும் வண்டி மாதிரி சிபியுவைச் சும்மா சுழற்றும். பத்து மைக்ரோ நொடிக்குள் என்றால் யுடிலே சரி. அதற்கு மேல் 20 மில்லி நொடி வரை யுஸ்லீப்-ரேஞ்ச், அதையும் தாண்டினால் எம்ஸ்லீப். எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால் எஃப்ஸ்லீப் போடுங்கள், நேரத்தைப் பார்த்து அதுவே தேர்ந்துகொள்ளும். ஒரு மில்லி நொடிக்கு எம்ஸ்லீப் போடாதீர்கள்: 100 ஹெர்ட்ஸ் கெர்னலில் அது 20 மில்லி நொடி வரை இழுத்துவிடும். 32 முறை அழைத்தால் உங்களுக்கே கணக்குப் புரியும்.

எம்டிலேயை எல்லாம் எம்ஸ்லீப்பாக மாற்றிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அடுத்தது காத்திருக்கும்.

"ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்"

தூங்கக் கூடாத இடத்தில் தூங்கிவிட்டீர்கள். நெட்வொர்க் டிரைவரில் அந்த இடங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. பாக்கெட் அனுப்பும் ஸ்டார்ட்-எக்ஸ்மிட். மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட் பலருக்குப் போகும் முறை) பட்டியல் மாறும்போது வரும் செட்-ஆர்எக்ஸ்-மோட். அது முகவரிப் பட்டியலின் ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுழன்றே காக்கவைக்கும் பூட்டை) பிடித்தபடி வருகிறது. புரோக் கோப்பகத்தில் நெட் டெவ் கோப்பைப் படிக்கும்போது அழைக்கப்படும் புள்ளிவிவரச் செயற்கூறு. அது ஆர்சியு என்ற, பூட்டில்லாமல் படிக்கும் பாதுகாப்புக்குள் ஓடுகிறது. டைமரிலிருந்து வரும் டிஎக்ஸ்-டைம்அவுட். இடைமுகத்தை எழுப்பும் ஓபன், நிறுத்தும் ஸ்டாப் இரண்டிலும் தாராளமாகத் தூங்கலாம், ஆனால் அங்கே வேறு ஒரு பூட்டு இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

தூங்கவும் கூடாது, வன்பொருளோ மெதுவாகத்தான் பேசும் என்றால் வழி ஒன்றுதான்: வேலையைக் குறித்துக்கொண்டு உடனே திரும்புங்கள், ஒர்க்க்யூ (பின்னணியில் வேலைகளை எடுத்துச் செய்யும் வரிசை) அதைப் பிறகு நிதானமாகச் செய்யட்டும். எஸ்பிஐ என்ற மெதுவான கம்பியில் தொங்கும் இஎன்சி28ஜே60 சிப்பின் டிரைவர் கெர்னல் மூலத்திலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள். பாக்கெட் அனுப்பவும் மல்டிகாஸ்ட் வடிகட்டி மாற்றவும் தனித்தனி ஒர்க் வைத்திருக்கிறது. வரிசையை நிறுத்திவிட்டு ஒர்க்கை ஏவும். அனுப்பி முடிந்ததும் வரிசையைத் திறக்கும். புள்ளிவிவரத்துக்கும் இதே தந்திரம்: பின்னணியில் அவ்வப்போது எடுத்து நினைவில் வையுங்கள், கேட்பவருக்கு அந்த நகலைக் கொடுங்கள்.

சோதனைக் கெர்னலில் தவறான தூக்கத்தையும் பூட்டுச் சிக்கலையும் பிடித்துக்கொடுக்கும் டீபக்-அட்டாமிக்-ஸ்லீப், புரூவ்-லாக்கிங் இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். வேகம் குறையும், ஆனால் எப்போதோ ஒரு நாள் ஆலையில் வெடிக்க வேண்டியது உங்கள் மேசையிலேயே வெடிக்கும்.

"ஓடுது, ஆனா ஐபி கட்டளை திரும்பி வரல, கில் 9 அடிச்சாலும் சாகல"

பில் அடிக்கும் நிரல் ஓடும், கர்சர் நகரும். ஐபி லிங்க் என்று தட்டினால் மட்டும் அப்படியே நிற்கும். பிஎஸ்ஸில் பார்த்தால் அந்தச் செயலின் நிலை டி, அதாவது யார் கூப்பிட்டாலும் எழாத தூக்கம். இரண்டு நிமிடம் கழித்துப் பதிவில் "பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்" என்று வரும்.

இங்கே குற்றவாளி ஆர்டிஎன்எல் பூட்டாகத்தான் இருக்கும். இடைமுகங்களை எழுப்ப, நிறுத்த, முகவரி மாற்ற என்று நெட்வொர்க் அமைப்பு வேலை பெரும்பாலானவற்றுக்கும் கணினி முழுவதற்கும் சேர்த்து அந்த ஒரே பூட்டு. ஒரு டிரைவர் ஓபனுக்குள் 30 நொடி தூங்கினால், அந்த 30 நொடிக்கு வேறு அட்டைகளின் வேலையும் கிடப்பில்.

தூங்கி எழுந்தால்கூடப் பரவாயில்லை. எழவே முடியாத வகை ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை மாமா இடுப்பில் செருகியிருக்கிறார். சமையல்காரர் வந்து கணக்குச் சொன்னால்தான் சாவி என்கிறார். சமையல்காரரோ ஸ்டோர் திறந்தால்தான் கணக்கே சொல்ல முடியும் என்கிறார். பந்தி என்ன ஆகும்? டிரைவரில் இது இப்படி வரும்: ரீசெட் செய்யும் ஒர்க், உள்ளே ஆர்டிஎன்எல் பூட்டைக் கேட்கிறது. அதே நேரம் யாரோ இடைமுகத்தை நிறுத்துகிறார்கள். ஸ்டாப் அந்தப் பூட்டை ஏற்கெனவே பிடித்தபடி, கேன்சல்-ஒர்க்-சிங்க் போட்டு அந்த ஒர்க் முடியட்டும் என்று காத்திருக்கிறது. இருவரும் பொழுது விடிந்தாலும் நகர மாட்டார்கள்.

கண்டுபிடிக்க, டி நிலையில் இருக்கும் ஒவ்வொரு செயலின் எண்ணையும் எடுத்து, புரோக் கோப்பகத்தில் அந்த எண்ணின் கீழ் ஸ்டாக் கோப்பை ரூட்டாகப் படியுங்கள். பத்துச் செயல்கள் ஆர்டிஎன்எல் லாக்கில் நிற்கும். அவை எல்லாம் பாவப்பட்ட வரிசை, விட்டுவிடுங்கள். பூட்டைக் கேட்காமல் வேறு எதற்கோ காத்திருக்கும் ஒன்றைத் தேடுங்கள். அதன் அடுக்கில் உங்கள் டிரைவரின் ஸ்டாப்பும் அதற்கு மேல் ஃப்ளஷ்-ஒர்க்கும் இருந்தால் மாமா அவர்தான். திருத்தம்: ஸ்டாப்பில் காத்திருக்காதீர்கள், "மூடுகிறோம்" என்று ஒரு கொடி மட்டும் வையுங்கள். ஒர்க் பூட்டை வாங்கியதும் கொடியையும் இடைமுகம் ஓடுகிறதா என்பதையும் பார்த்து, இல்லை என்றால் சும்மா திரும்பட்டும். சிங்க் வகை ரத்தை, பூட்டு கையில் இல்லாத ரிமூவ் கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

அடுக்கில் நேப்பி-டிசேபிள் (பாக்கெட் வாங்கும் சுற்றை நிறுத்தும் அழைப்பு) தெரிந்தால் கதை வேறு. அதை இரண்டு முறை தொடர்ந்து அழைத்தால் இரண்டாவது அழைப்பு திரும்பவே திரும்பாது. ரீசெட் பாதியில் தோற்று, ஒரு முறை டிசேபிள் செய்த நிலையில் வெளியேறி, பின்னால் ஸ்டாப் வந்து மறுபடி அழைப்பதுதான் வழக்கமான தடம். தோற்றுத் திரும்பும் பாதையைப் பொறுமையாகப் படியுங்கள். அதைச் சோதித்துப் பார்ப்பவர் குறைவு.

"நெட் மட்டும் போய்ப் போய் வருது"

"நெட்டெவ் வாட்ச்டாக்: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்." இது நோய் இல்லை, நோயைச் சொன்ன காவலாளி. வரிசை நின்றபடியே டிரைவர் சொன்ன நேரம் கடந்துவிட்டது. டிரைவர் எதுவும் சொல்லாவிட்டால் 5 நொடி. அனுப்பி முடிந்ததைச் சொல்லும் குறுக்கீடு தொலைந்திருக்கலாம். பிசிஐயின் மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்மை அணைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்க ஸ்விட்ச் பாஸ் ஃபிரேம்களை ('கொஞ்சம் நிறுத்து' என்ற செய்திகளை) விடாமல் அனுப்பினாலும் இதே செய்திதான். ஈத்டூலில் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்தால் தெரிந்துவிடும்.

"ஆன் ஆகவே நேரம் பிடிக்குது"

எத்தனை நொடி என்று பாருங்கள், எண்ணே பெயரைச் சொல்லிவிடும். 120 என்றால் பெரும்பாலும் சிஸ்டம்டி நெட்வொர்க்டியின் வெயிட்-ஆன்லைன் (நெட் வரும்வரை தொடக்கத்தைக் காக்கவைக்கும் சேவை). 60 என்றால் நெட்வொர்க்மேனேஜரின் வெயிட்-ஆன்லைனோ, கிடைக்காத ஃபர்ம்வேருக்கு, அதாவது அட்டைக்குள் ஏற்ற வேண்டிய நிரலுக்கு, காத்திருக்கும் டிரைவரோ. வெயிட்-ஆன்லைன் என்றால் டிரைவரைத் தொடாதீர்கள். கேபிள் செருகாத இடைமுகத்துக்காகத்தான் காத்திருக்கிறது.

அணைக்கும்போது "அன்ரெஜிஸ்டர் நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார்" என்ற வரி 10 நொடிக்கு ஒரு முறை வந்தால் அது மெதுவான வன்பொருளே இல்லை, எங்கோ எடுத்த குறிப்பைத் திருப்பித் தராத நிரல்பிழை. அது தனிப் பஞ்சாயத்து.

திருத்தியதைச் சோதிப்பது

அடுத்த மே வரை காத்திருக்க வேண்டாம். மேசைக் கணினியில் செட்பிசிஐ கட்டளை கொண்டு அட்டையின் கமாண்ட் ரெஜிஸ்டரில் நினைவக அனுமதி பிட்டை அணைத்துவிடுங்கள். வழக்கமான இன்டெல் வகைக் கணினிகளில் அந்த நொடி முதல் டிரைவர் படிப்பதெல்லாம் முழுக்க 1. அட்டை கழன்று விழுந்ததற்குச் சமம். வேலைக் கணினியில் செய்யாதீர்கள். கூச்சலை அடக்க வாட்ச்டாக் அளவை 60 ஆக ஏற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் அதிகம் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை வீசுகிற வேலை அது. ஆள் இல்லாத இடத்துப் பெட்டிக்கு சாஃப்ட்லாக்கப்-பேனிக் 1, பேனிக் 10 என்று வைத்தால், மாட்டிக்கொண்டாலும் லாக்கப் கூச்சல் வந்த பத்து நொடியில் தானே மறுதொடக்கம் ஆகி எழுந்துகொள்ளும். மருந்து இல்லை, ஊன்றுகோல்.

திருத்திய டிரைவரைப் போட்டு மூன்றாவது வாரம் ராணிப்பேட்டையிலிருந்து போன்.

"ணா, நெட் இல்ல. ஆனா ரசீது வந்துக்கினே கீது."

"பதிவுல என்ன எழுதியிருக்கு, படி."

"சாதனம் இல்லன்னு என்னமோ போட்ருக்கு."

திருவலம் பாலம் தாண்டிப் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. அட்டையைக் கழற்றினால் தொடுமுனைகள் ஓரத்தில் கறுத்திருந்தன. முடி நீக்கும் சுண்ணாம்பு, சல்ஃபைடுத் தொட்டிகளிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். எடைமேடை அந்தக் கொட்டகைக்கு நேர் எதிரே. தம்பியின் மகள் பையிலிருந்து ரப்பர் வாங்கித் தொடுமுனைகளைத் தேய்த்துச் செருகினேன். பெட்டியைக் கொட்டகையின் மறுபக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.